தேவையான அளவு உப்பு

தமிழால் எல்லாம் முடியும் என்று நாம் மேடைதோறும் முழங்கி வருகின்றோம். முடியும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், ஒன்பது ஆண்டுகள் தமிழ் பயின்ற ஒரு மாணவனை அழைத்து, 'கழிச்சல் கண்ட குழந்தைக்கு உப்புச் சருக்கரை நீர் கலப்பது எவ்வாறு? இதுவரை கலந்தறியாத ஒருவர் படித்த அளவில் கலக்குமாறு எழுதிக் கொடு' என்று கேட்டுப் பாருங்கள். தமிழால் முடிவதைத் தமிழ் மாணவனால் முடியுமாறு நாம் செய்திருக்கின்றோமா என்பது அப்பொழுது விளங்கும்.

அவன் தாளின் முதல் வரி ஒரு குறட்பாவாக இருக்கும். அடுத்த பத்தி நீரின் பெருமை பேசும். அதற்கடுத்த பத்தியில், 'தூய நீரில் தேவையான அளவு உப்பும் சருக்கரையும் சேர்த்து நன்றாகக் கலக்கிச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும்' என்று ஒரே சொற்றொடர். பின்னர் நலவாழ்வின் மேன்மை குறித்து முடிவுரை. எழுத்துப் பிழை இராது. வல்லினம் மிகவேண்டிய இடத்திலெல்லாம் மிகுந்திருக்கும். அத்தகைய கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டவர்களுள் யானும் ஒருவன்.

ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அடுப்பங்கரையில் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். 'தேவையான அளவு' என்றால் எவ்வளவு? அளவை அறிந்தவளுக்கு அக்குறிப்பே வேண்டுவதில்லை. அறியாதவளுக்கு அஃது எவ்வகையிலும் உதவுவதில்லை. நம் சமையற்குறிப்புகளில் எல்லாம் 'உப்பு – தேவையான அளவு' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். குழம்பில் உப்பு ஏறினால் ஒரு வேளைச் சோறு கெடும், அவ்வளவே. குழந்தைக்குக் கொடுக்கும் நீரில் உப்பு ஏறினால் உயிருக்கே ஏதம்.

அளவு இதுதான். ஓர் இலிட்டர் தூய குடிநீர். தேக்கரண்டியால் தலைதட்டி அளந்த ஆறு கரண்டி சருக்கரை. அதே தேக்கரண்டியால் தலைதட்டி அளந்த அரைக் கரண்டி உப்பு. ஒரு நாள் கடந்தால் எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கல் வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் உப்புப் பொதி கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அப்பொழுதும் பொதியின் மேல் எழுதியுள்ள நீரளவு பிறழலாகாது. ஓர் இலிட்டருக்கு உரிய பொதியை ஒரு குவளை நீரில் கொட்டிவிடுவோர் உண்டு. சருக்கரை இதில் சுவைக்காகச் சேர்ப்பதன்று. குடலின் உட்சுவர் உப்பை உள்ளிழுத்துக்கொள்வதற்குச் சருக்கரையின் துணை வேண்டும். உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். இவ்வுண்மையை 1960இல் வெளிப்படுத்தியவர் இராபர்ட்டு கிரேன் என்னும் அறிவியலார். ஆகவே இரண்டும் வேண்டும். அவ்வவ் அளவிலேயே வேண்டும்.

இனி, மாணவனைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு ஒரு சிற்றூரில் பத்து நாள் தங்கியிருந்தோம். மழைக்காலம், ஊரில் குழந்தைகட்குக் கழிச்சல் மிகுந்திருந்தது. உப்புச் சருக்கரை நீர் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதும் பொறுப்பை யானே ஏற்றேன். ஓர் அயற்சொல்லும் புகாமல் எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதி. மருத்துவர் தந்த குறிப்பில் 'ஒரு லிட்டர் தண்ணீர்' என்றிருந்தது. 'லிட்டர்' அயற்சொல் ஆயிற்றே! அதனை நீக்கிப் 'போதிய நீர்' என்று எழுதினேன். 'டீஸ்பூன்' என்றிருந்ததை அடித்துக் 'கரண்டி' என்று மட்டும் எழுதினேன். அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். தூய தமிழில் ஒரு நற்பணி செய்த நிறைவோடு அன்றிரவு உறங்கினேன்.

மறுநாள் காலை ஓர் அம்மையார் அத்தாளோடு வந்தார்.

"ஐயா, இதுல கரண்டின்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்டுல மூணு கரண்டி இருக்கு. எந்தக் கரண்டிங்க?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அவர் குழம்புக் கரண்டியால் அளந்து, ஒரு செம்பு நீரில் கலந்திருக்கின்றார்.

"புள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னால வாயில வெச்சுப் பாத்தேன். கண்ணீரக் காட்டிலும் கரிச்சுது. இத எப்படிக் குடுக்கறதுன்னு கொட்டிட்டு வந்தேன்."

கலந்த நீர் கண்ணீரினும் கரித்தல் ஆகாது என்பதை மருத்துவர்களும் ஒரு சுவையளவையாகச் சொல்வர் என்று பின்னர்தான் அறிந்தேன். எழுத்துக்கூட்டித் தம் மகள் படித்துக் காட்டக் கேட்ட அந்த அம்மையாரின் நாவே அன்று குழந்தையைக் காத்தது. என் தமிழ் காக்கவில்லை. அயற்சொல்லை நீக்கும் ஆர்வத்தில் அளவையே நீக்கிவிட்டேன். தனித்தமிழ் எழுதும் நம்மவர் அனைவரும் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு சொல்லை எடுத்தால் அச்சொல் சுமந்த பொருளை இறக்கிவைக்க இடம் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும். 'தேக்கரண்டி' என்று எழுதியிருந்தால் தமிழும் கெட்டிராது, உப்பும் கூடியிராது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், எழுத்தறியா மக்களுக்கு இதே செய்முறையைப் பிறர் எவ்வாறு கற்பித்தனர் என்று தேடிப் படித்தேன். 1971இல் வங்கநாட்டு விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியரின் முகாம்களில் காலரா எனப்படும் கொடிய கக்கற்கழிச்சல் பரவிற்று. ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், போங்காவ் முகாமில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபிசு, உப்பும் சருக்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளரின் உறவினரே. மருத்துவம் பயின்றவர் அல்லர். முகாமில் நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு நான்கிற்கும் கீழ் இறங்கியது.

அதன்பின் அந்நாட்டில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு பெரும்பணி செய்தது. பெண் பணியாளர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது இலக்கத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்க்கு இந்நீர் கலக்கக் கற்றுத் தந்தனர். தேக்கரண்டி இல்லாத வீடுகள். வெள்ளைச் சருக்கரையும் அரிது. ஆதலின் அளவைத் தாயின் கையிலேயே வைத்தனர்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர். சொல்ல வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவாகச் சுருக்கிக்கொண்டனர். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவும் இல்லை. தாயே தன் கையால் கலந்து காட்டல் வேண்டும். சின்னாள் கழித்து வேறொருவர் சென்று, கற்ற தாய்மாருள் சிலரைத் தேர்ந்து, என்ன நினைவிருக்கின்றது என்று கேட்பார். அவர்கள் கலந்த நீரையும் எடுத்து ஆய்வர். தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ, அவ்வளவிற்கேற்பக் கற்பித்தவருக்கு ஊதியம்!

(இந்நெறி நம் பள்ளிகட்கு வருமாயின், திங்கள்தோறும் முழு ஊதியம் பெறுவோர் எத்தனை பேர் என்று யான் எண்ணிப் பார்த்ததுண்டு. என் பெயர் அப்பட்டியலில் இருக்கும் என்று உறுதி கூற இயலவில்லை.)

அப்பட்டறிவை அடியாகக் கொண்டு என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். மாணவர் ஒருவர் செய்முறையை எழுத வேண்டும். அத்தொழிலை அறியாத மற்றொருவர், எழுதியதை எழுதியவாறே, வரிவரியாகப் படித்துச் செய்ய வேண்டும். எழுதியவர் அருகில் நிற்கலாம், வாய் திறக்கலாகாது, கை காட்டலாகாது. அவ்வளவே விதிமுறை. முதல் நாள் மேசை மேல் ஒரு குடம், செம்பு, குவளை, மூவகைக் கரண்டி, உப்பு, சருக்கரை எல்லாம் வைத்தேன்.

நாற்பது தாள்களுள் ஒன்றுகூட அன்று தேறவில்லை. 'சருக்கரை' என்று எழுதியதிலேயே குழப்பம். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவி ஒருத்திக்கு வெள்ளையாக இருப்பது சீனி. சருக்கரை என்றால் பழுப்பு நிற நாட்டுச் சருக்கரை. மேசையில் இருந்த வெண்பொருளைத் தொடாமல் அவள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தாள். எழுதிய மாணவன் தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே! வாய் திறக்கலாகாது என்னும் விதி அவனுக்கு அன்றுதான் எழுத்து என்பது என்ன என்று காட்டியிருக்கும். எழுதியவன் அருகில் இல்லாத இடத்தில் அவனுக்காகப் பேச வேண்டியது அவன் எழுத்தொன்றே.

'நன்றாகக் கலக்குக' என்றிருந்தது. எத்துணை நேரம் கலக்கினால் நன்று? 'சருக்கரை கண்ணுக்குத் தெரியாமற் கரையும் வரை' என்று ஒருத்தி மாற்றினாள். 'குவியாமல், மேல் ஒப்பமாக அளந்த கரண்டி' என்பதை எவ்வாறு சொல்வது என்று வகுப்பே விழித்தபோது, ஒரு மாணவன் எழுந்து, "எங்கள் ஆத்தா நெல் அளக்கும்போது தலைதட்டி அளப்பார்கள் ஐயா" என்றான். குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் நம் களத்துமேட்டில் வழிவழி வழங்கிய சொற்கள். அகரமுதலியைத் தேடிப் போகுமுன் ஆத்தாவைத் தேடிப் போயிருக்க வேண்டும். இலிட்டர் அளவிற்கும் பிள்ளைகளே வழி கண்டனர்: ஓர் இலிட்டர் நீர்ப்புட்டி இன்று எவ்வூர்ப் பெட்டிக்கடையிலும் உண்டு; அதை நிறைத்தால் அளவு முடிந்தது.

இலக்கண வகுப்பு உயிர் பெற்றதும் இப்பயிற்சியால்தான். வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டால் நூற்பாவை ஒப்பிப்பார்கள். அஃது எதற்கு என்றால் தெரியாது. 'நீரைக் காய்ச்சி, ஆறவைத்துப் புட்டியில் ஊற்றுக' என்னும்போது, எது முன், எது பின் என்பதை எச்சங்களே வரிசைப்படுத்திவிடுகின்றன. 'முதலில்', 'அடுத்து', 'அதன்பின்' என்னும் ஒட்டுச்சொற்கள் வேண்டுவதில்லை. செய்முறை சொல்வதற்கென்றே வாய்த்தாற்போன்ற அமைப்பு இது. ஆனால் அதுவே படுகுழியும் ஆகும். காய்ச்சி, ஆறவைத்து, வடித்து, அளந்து, ஊற்றி, கரைத்து, மூடி என்று ஏழு எச்சங்களைக் கோத்துவிட்டால், கற்பவன் நாலாவதில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். மூன்றாம் வினையில் முற்று வைத்துவிடுக என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். புலவர் நடைக்குப் பழகிய எனக்கே அது கடினமாகத்தான் இருக்கின்றது; இவ்வாசிரியவுரையில் அதனை எத்தனை இடங்களில் மீறியிருக்கின்றேன் என்று என் மாணவர்கள் எண்ணிச் சொல்வார்கள்.

மற்றொன்று, யான் முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தும் எண்ணிப் பாராதது. ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்: 'கலக்கிய நீரை மீண்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கக் கூடாது.' கருத்து சரியே. படித்துச் செய்தவனோ, 'அடுப்பில் வைத்து' என்பது வரை படித்தவுடன் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பு எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டான். 'கூடாது' அடுத்த வரியில் இருந்தது. வகுப்பு சிரித்து ஓய்ந்தபின் தான் எனக்கு உறைத்தது. தமிழில் பயனிலை இறுதியில் வரும். மறுப்பும் அதனோடு இறுதியிலேயே வரும். படித்துக்கொண்டே கையை ஓட்டுகின்றவனுக்கு, 'செய்யாதே' என்பது செய்து முடித்தபின் வந்து சேரும். ஆதலின் தீங்கு தரும் இடங்களில் எச்சரிக்கையைத் தனித் தொடராக முன்னே நிறுத்தல் வேண்டும்: 'இங்குச் சற்று நில்லுங்கள். இந்நீரைச் சுடவைத்தல் கூடாது.' நம் மொழியின் அமைப்பை அறிந்து நாமே வகுத்துக்கொள்ள வேண்டிய நெறி இது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து எழுதுவோர்க்கு இது தோன்றுவதே இல்லை. பூச்சிமருந்துப் பொதியினுள் மடித்து வைக்கப்படும் தாளை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில், அரைப்பக்க நீளச் சொற்றொடரின் வாலில், 'கூடாது' ஒளிந்துகொண்டிருக்கும். உழவன் அதற்குள் தெளிப்பானைத் தோளில் ஏற்றியிருப்பான்.

இரண்டாம் திங்களில், அவரவர் வீட்டுத் தொழிலை எழுதி வரச் சொன்னேன். அவ்வகுப்பில் ஒரு நெசவாளர் மகன் இருந்தான். கட்டுரை என்றால் நான்கு வரிக்கு மேல் அவனுக்கு ஓடாது. தமிழில் தேறாதவன் என்று ஆசிரியர் அறையில் அவனுக்குப் பெயர். 'பாவில் ஓர் இழை அறுந்தால் முடிவது எப்படி' என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். அறுந்த இழையின் முனையைப் பின்புறம் தேடி எடுப்பது, அதனோடு ஒரு துண்டு இழையைச் சேர்த்து முடிவது, அதை விழுதின் கண்ணில் நுழைப்பது, பின்னர் அச்சின் பல்லிடையே இழுப்பது, நெய்த துணியோடு சேர்த்து நிறுத்துவது, மற்ற இழைகளைப் போல் விறைப்பாக இருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்ப்பது – ஒன்றும் விடவில்லை, ஒன்றும் மிகவில்லை. பவணந்தியார் நூலின் அழகுகளுள் முதற்கண் வைத்த சுருக்கமும் விளக்கமும் அத்தாளில் ஒருங்கே இருந்தன. அவன் நன்னூல் படித்தவன் அல்லன், கையால் செய்தவன்.

ஒரே இடத்தில் அவன் எழுத்தும் தடுக்கியது. விழுது என்றதும் மற்றப் பிள்ளைகளுக்கு ஆலமரந்தான் நினைவிற்கு வந்தது. 'பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்துத் தூக்கும் நூற்கண்ணிகளே விழுது' என்று ஒரு வரி சேர்த்தான். அதன்பின், தறியையே கண்டிராத மாணவி ஒருத்தி, அவன் தந்தையாரின் தறியில், தாளைப் பார்த்துக்கொண்டே இழையை முடிந்துவிட்டாள். முடிச்சு சற்றுத் தடித்துவிட்டது என்று அவர் குறை கூறினார்; எனினும் இழை நின்றது. அப்பெரியவர் என்னிடம், "இத்தன வருசத்துல எங்க வேலையப் பள்ளிக்கூடத்துல எழுதச் சொன்னது நீங்கதான் ஐயா" என்றார். தலைகுனிந்து நின்றேன்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஒன்று சொல்லல் வேண்டும். அறிவியல் தமிழ் வளர்க்கச் சொல்லாக்கம் வேண்டும் என்கின்றோம், வேண்டுவதே. ஆனால் பாவு, ஊடை, விழுது, அச்சு, படைமரம் என்றும், கொழு, மேழி, நுகம் என்றும், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, கரணை, தூக்குக்குண்டு என்றும் உழைப்பார் வாயில் உயிரோடு இருக்கும் சொற்களைப் பள்ளிக்குள் அழைத்துவரும் வாயில் இத்தகைய செய்முறை எழுத்தே. நம் முன்னோர் தொழிலறிவு மிக்கவர். ஆயினும் அதனைக் குடிக்குள்ளும் குருவழிக்குள்ளும் பூட்டி வைத்தனர். சித்த மருத்துவச் சுவடிகள் பல, வெளியார் அறியாவண்ணம் மறைசொற்களால் ஆனவை. மறைத்தற்கு அவர்கட்கு ஒரு கரணியம் இருந்திருக்கலாம். நமக்கு எக்கரணியமும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மொழி அன்றே ஆயத்தமாக இருந்தது.

நம் தேர்வுத் தாளில் கட்டுரை உண்டு; மடல் உண்டு; பாடலின் நயம் பாராட்டல் உண்டு; படிவம் நிரப்புதலும் உண்டு. செய்முறை எழுதுதல் ஒரு வினாவாக வருமாறு கல்வித்துறையை வேண்டுதல் ஒருபுறம் இருக்கட்டும். அஃது எப்பொழுது வருமோ! வந்தாலும், அதற்கும் ஓர் உரைநூல் அச்சாகி, 'உப்பு நீர் – மூன்று பத்தி' என்று பிள்ளைகள் உருப்போடத் தொடங்கிவிடுவர் என்னும் அச்சமும் எனக்குண்டு. வகுப்பில் ஒருவன் எழுத மற்றொருவன் செய்து பார்ப்பதற்கு எந்த ஆணையும் வேண்டுவதில்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். செலவு, ஒரு பொட்டலம் உப்பு.

இவ்விதழைப் படிக்கும் தமிழாசிரியர்கள், தம் மாணவர் எழுதிய செய்முறைகளை நமக்கு விடுத்து உதவுக. இழை முடிதல், ஏற்றுக்குழாயில் நீர் ஏறாதபோது செய்வன, மிதிவண்டிச் சங்கிலி மாட்டுதல், வடகம் பிழிதல், வங்கியில் பணம் கட்டும் தாள் நிரப்புதல் – எதுவாயினும் ஆகுக. ஒரு பக்கத்திற்கு மிகாமல் இருத்தல் வேண்டும். செய்து பார்த்தவர் எவ்விடத்தில் தடுக்கினார் என்பதையும் தாளின் அடியில் குறித்து அனுப்புக. வருவனவற்றை அச்சிடுமுன், அத்தொழிலை அறியாத ஒருவரிடம் கொடுத்து நாமும் செய்து பார்ப்போம். உப்புச் சருக்கரை நீருக்கு இனி ஒருவரும் எழுத வேண்டுவதில்லை. என் மாணவர்கள் எட்டு முறை திருத்தி எழுதிய தாள் அணியமாக உள்ளது. இவ்விதழின் பின்னட்டையில் வெளிவருகின்றது. கத்தரித்து அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.